குரத்தியர் மரபும் மணம் கொள்ளா மகளிரும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



ஆதிபகவனுக்குப் பெண்மக்கள் இருவர். பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் தந்தையே கற்பித்தார். இருவரும் மணம் கொள்ளாமலே துறவு பூண்டனர். இக்கதையைச் சொன்ன நம் பாட்டிமார் எவரும், அவர்களுக்கு மணமாகவில்லையே என்று பெருமூச்சு விட்டதில்லை.

வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் வரும் கனகவீரக் குரத்தியாரிடம் மாணவியர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். அக்கல்வெட்டு அவரைக் குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியார் என்றே குறிக்கிறது. விளாப்பாக்கத்தில் கிணறு வெட்டுவித்த பட்டினிக் குரத்தியாரும் அவ்வாறே, அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியார். இவர்கள் இல்லறத்திலிருந்து வந்தவர்களா, கன்னியராகவே வந்தவர்களா? கல்லில் பொறித்தவர்களுக்கு அது வேண்டிய செய்தியாகத் தோன்றவில்லை போலும்.

இன்றும் துறவு பூண்ட பெண்ணை மாதாஜி என்று அடிபணிந்து வணங்குகிறோம். துறவும் பூணாமல், மணமும் கொள்ளாமல் வீட்டிலிருந்து உழைக்கும் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் முதிர்கன்னி. அதற்கு ஈடான ஆண்பாற் சொல்லை, 34 ஆண்டுகள் தமிழ் கற்பித்த நான் வழக்கில் கேட்டதில்லை.

நானும் அப்பெயருக்கு உரியவளே. தந்தையார் மறைந்தபின் தம்பியர் இருவரைப் படிக்க வைத்தேன். வரன்கள் வந்தன, வேண்டாமென்றேன். அதற்காகப் பின்னர் வருந்தியதுமில்லை. ஆனால் தம்பி மகள் திருமணத்தில், வீட்டுக்கு மூத்தவள் என்ற உரிமையில் ஆரத்தித் தட்டை எடுத்தேன். பெரியம்மா ஒருவர் அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். அவருக்குத் தீய எண்ணமில்லை. "வழக்கம், அம்மா" என்றார். அந்தத் தம்பியும் அருகில்தான் நின்றிருந்தான்.

ஐந்து அணுவிரதங்களை ஏற்பதற்கு மணத்தை நம் அறநூல்கள் ஒரு தகுதியாக வைக்கவில்லை. பிறகு ஆரத்தி எடுப்பதற்கு மட்டும் அது எப்படித் தகுதியாயிற்று?

அறக்கட்டளைப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்க்குப் பாடம் சொல்லும் பெண்களுள் இருவர் மணமாகாதவர்கள். ஒவ்வோர் ஆண்டும் குத்துவிளக்கேற்றச் சுமங்கலிகள் ஐவரை மேடைக்கு அழைக்கிறோம். வரும் ஆண்டு அவ்வழைப்பிலிருந்து 'சுமங்கலிகள்' என்ற சொல்லை நீக்கி, முதல் திரியை அவ்விருவர் கையில் கொடுங்கள்.