குழாய் நீரும் நுரையீரலும்



தாராவியில் குழாய்க்கு நீர் வரும் வேளையை அறியக் கடிகாரம் வேண்டியதில்லை. டிரம்களும் குடங்களும் நகரும் ஓசையே அதனை அறிவித்துவிடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அவ்வோசை குறைவு. அங்கே நீர் தரையடித் தொட்டியில் விழுந்து, பம்பின் வழியே மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, கீஸரில் வெதுவெதுப்பாகி, ஷவரில் பொழிகிறது. 1860-ஆம் ஆண்டில் விஹார் ஏரி நீர் பம்பாய்க்கு வரத் தொடங்கியது. பின்னர் துளசி, தான்சா, வைதரணை எனப் பல நீர்நிலைகள் சேர்ந்தன. ஆயினும் பெரும்பாலான பகுதிகளுக்கு நாளில் சில மணி நேரமே நீர் வருவதால், குடிசையாயினும் மாடியாயினும் நாம் பயன்படுத்துவது எங்கோ ஓரிடத்தில் தங்கி வந்த நீரே.

எங்கள் கட்டடத்தில் அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். மாமி என்றே அனைவரும் அழைப்போம். இளமையில் ஒருமுறை காசநோய் கண்டு குணமடைந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஓயாத இருமலும் உடல் மெலிவும் ஏற்பட்டன. சளியைச் சாயமிட்டு நுண்பெருக்கியில் நோக்கியபோது செந்நிறக் கோல்கள் தென்பட்டன. காசநோய் மீண்டது என்றார்கள். ஆறு திங்கள் மருந்துண்டும் பயனில்லை. மருந்துக்கு அடங்காத காசநோயோ என்ற ஐயம் எழுந்தது, மேலும் கடுமையான மருந்துகள் வந்தன, காது மந்தமாயிற்று. அவருடைய தட்டும் டம்ளரும் தனியே வைக்கப்பட்டன. பேரக்குழந்தையை அவர் மடியில் விடுவதும் நின்றது. இறுதியில் வேறொரு மருத்துவர் சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். அதில் வளர்ந்தது காசநோய்க் கிருமி அன்று, அதன் தாயாதி.

இந்தத் தாயாதிகளின் கூட்டம் பெரிது. ஆங்கிலத்தில் அவற்றிற்கு வழங்கும் பெயர் மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தபோது அரைநாள் தயங்கி, 'காசநோய் சாராத மைக்கோபாக்டீரியா' என்று எழுதினேன். ஒருவரை, 'இவர் இன்னார் அல்லர்' என்று மட்டும் கூறி அறிமுகம் செய்வது போன்ற பெயர் அது. எனக்கு இன்றளவும் நிறைவில்லை. எனினும் மூலப் பெயரும் அதனினும் மேலாக ஒன்றும் கூறவில்லை.

இவை மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்பவை. இவற்றின் உடலைச் சுற்றி மெழுகு போன்ற உறை ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தால் கழுவியும் சாயம் நீங்காமல் நிற்பதற்கு அதுவே காரணம். காசநோய்க் கிருமிக்கும் அவ்வுறை இருப்பதால் இரண்டும் ஒரே தோற்றம் தருகின்றன. அதே உறை குளோரினையும் தாங்குகிறது. மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்னும் வகை, குடலில் வாழும் ஈகோலைக் கிருமியைக் காட்டிலும் நூறு மடங்குக்கும் மேலாகக் குளோரினைத் தாங்க வல்லது. குழாயின் உட்புறத்திலும் ஷவர்த் தலையிலும் படியும் வழவழப்பான படலத்தில் அது குடியேறிப் பெருகுகிறது. ஷவர்நீர் நுண்திவலைகளாகச் சிதறும்போது மூச்சுடன் நுரையீரலுக்குச் செல்கிறது. நல்ல நுரையீரல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பழைய காசநோய்த் தழும்புள்ள நுரையீரலிலும், புகையாலோ தொழிற்கூடத் தூசியாலோ நலிந்த நுரையீரலிலும் அது வேரூன்றக்கூடும். தாராவியில் ஷவர் அரிது. தழும்புற்ற நுரையீரல் அரிதன்று.

இது அயல்நாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கிற்று. ஏறத்தாழ 3,60,000 மக்கள் பதிவு செய்யப்பட்டனர். நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி அங்கே பலனளிக்கவில்லை என்னும் முடிவு 1979-இல் வெளிவந்தபோது உலகமே வியந்தது. அவ்வட்டார மக்கள் இளமை முதலே இத்தாயாதிக் கிருமிகளுடன் பழகியிருந்தது ஒரு காரணமாகலாம் என்று அறிஞர் சிலர் கருதினர். பின்னர் அப்பகுதியின் மண், நீர், வீட்டுத் தூசி, மக்களின் சளி ஆகியவற்றைச் சோதித்தபோது, அனைத்திலும் இவ்வகைக் கிருமிகள் கிடைத்தன.

ஆகவே, சளியில் செந்நிறக் கோல்கள் தெரிந்தும், மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி இல்லையென வருமாயின், வளர்ப்புச் சோதனை வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. அதிலும் ஒருமுறை தென்பட்டால் போதாது. குழாய் நீரில் வாய் கொப்பளித்தவரின் சளியிலும் இக்கிருமி கலந்திருக்கலாமாதலால், வெவ்வேறு நாளில் எடுத்த இரு மாதிரிகளிலேனும் அதே கிருமி வளர வேண்டும். படமும் நோயின் குறியும் அதனோடு ஒத்துவர வேண்டும். ஒன்றை அழுத்திக் கூறுகிறேன்: நம் நாட்டில் இத்தகைய கோல்கள் தெரியும்போது பெரும்பாலும் அது காசநோயே. இவ்வுரையைக் கேட்டுவிட்டுக் காசநோய் மருந்தை எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. தொட்டியையும் டிரம்மையும் காலியாக்கித் தேய்த்துக் கழுவலாம். ஷவர்த் தலையைக் கழற்றி வழவழப்பை நீக்கலாம். நுரையீரல் நலிந்தவர் வாளியில் நீர் எடுத்துக் குளிப்பது நன்று. மூச்சுக்கு மருந்தாவி தரும் கருவியில் குழாய் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது.

மாமிக்கு எந்த நீரிலிருந்து இது வந்தது என்று எவராலும் கூற இயலவில்லை. இப்போது மூன்று மருந்துகள் உட்கொள்கிறார். சளியில் கிருமி மறைந்த பின்னும் ஓராண்டு தொடர வேண்டும். அவரைப் பற்றிய வகை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை என்று மருத்துவர் விளக்கிய அன்றே, அவர் மருமகள் அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துவிட்டாள். கேள்வி மட்டும் முழுதும் திரும்பவில்லை. பேரன் அவர் காதருகே வந்துதான் பேசுகிறான்.