வேலியில் வந்து நின்ற வெருகு

(இலக்கிய வட்டத்தின் மார்கழிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அவையடக்கம் கூறித் தொடங்குவது நம் மரபு. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார் கம்பர். அத்தகு பெரும்பூனை நானல்லேன். இன்று நான் பேசப் போவதும் கடலைப் பற்றியன்று. கம்பர் உவமைக்கு எடுத்துக்கொண்ட அந்தப் பூனையைப் பற்றித்தான். 'விடுமுறையில் என்ன செய்தீர்கள்?' என்று நம் செயலாளர் ஒருமுறை கேட்டார். 'பூனையோடும் தோட்டத்தோடும் இருந்தேன்' என்றேன். 'அதையே பேசுங்கள்' என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் ஏற்றுக்கொண்டேன்.

ஓர் உண்மையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். முனைவர் பட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் குறுந்தொகையின் கருப்பொருள்கள். மா, மரம், புள் என்று பிரித்து, அட்டைகளில் எழுதி, அகரவரிசையில் அடுக்கி, ஐந்தாண்டுகள் உழைத்தேன். அந்த ஐந்தாண்டுகளும் பாளையங்கோட்டையில் இதே வீட்டில்தான் இருந்தேன். வீட்டின் பின்னால் கிணறும், வேம்பும், கொய்யாவும், மாதுளையும், மருதாணி வேலியும் உள்ள ஒரு தோட்டம் இருந்தது. அதில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று கேட்டிருந்தால் எனக்கு விடை தெரிந்திராது. தெரிந்தவர் என் அம்மா. எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

அம்மா ஒரு பூனையை வளர்த்தார். வளர்த்தார் என்பதினும், அது வந்து சேர்ந்தது, அவர் விரட்டவில்லை என்பதே பொருந்தும். பெயர் வைக்கவில்லை. 'ஏளா, எங்க போயிட்டு வாரே?' என்று தெருப் பெண்பிள்ளையைக் கேட்பது போலக் கேட்பார். நாளடைவில் 'ஏளா' என்பதே அதன் பெயராகிவிட்டது. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெளுப்பு.

அம்மாவுக்கு ஒரு பறவையோடும் உறவு இருந்தது. ஆறுமணிக் குருவி என்பார். புரட்டாசிக்குப் பின் ஏதேனும் ஒரு நாள், விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை போன்ற அதன் குரல் தோட்டத்தில் கேட்கும். அந்திக் குரல் கேட்டதும் அம்மா எழுந்து விளக்கேற்றுவார். கடிகாரத்தைப் பார்த்து ஏற்றியதாக எனக்கு நினைவில்லை. சித்திரை பிறக்கும்போது குருவி போயிருக்கும். எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் கழிக்கும் பறவை அது என்பதைப் பிற்பாடு நூல்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். மைனாவினும் சற்றே சிறிய உடல். வாலோ இல்லையென்றே சொல்லலாம். அந்த உடலோடு ஆயிரம் கல்லுக்கு மேல் பறந்து வந்து, எங்கள் கிணற்றடியில் சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருந்தது. நான் முன்னறையில் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

2023 புரட்டாசியில் அம்மா காலமானார். அவ்வாண்டின் மார்கழி விடுமுறையே அவரில்லாமல் நான் அவ்வீட்டில் கழித்த முதல் விடுமுறை.

முன்பனிக்காலம் என்று மார்கழியையும் தையையும் நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அவ்வாண்டு மார்கழி முதல் நாள், டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பனிக்கு மாறாக மழை வந்தது. அந்த மழையை இங்குள்ளோர்க்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி இரு கரையும் புரண்டது. எங்கள் தெரு மேடு. ஆயினும் தோட்டத்தில் முழங்காலளவு நீர் நின்றது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மெழுகுவத்தி ஒன்றும் நானும்.

அப்போதுதான் வீட்டுக்கு விருந்தினர் வரத் தொடங்கினர். முதலில் எறும்புகள், தம் முட்டைகளைக் கவ்விக்கொண்டு சுவரில் கோடிட்டு ஏறின. பிறகு தேரைகள். குளியலறை மூலையில் ஒரு பூரான். பின்கட்டுப் படியில் ஒரு சாரைப்பாம்பு, நீர் வடியும்வரை நகர்வதில்லை என்று முடிவு செய்தது போலக் கிடந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். மதில்மேல் ஒரு கீரி நின்று அந்தப் பாம்பையும் பார்த்தது, வெள்ளத்தையும் பார்த்தது. தன் பழம்பகையை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டுப் போயிற்று. அணில்கள் கூரை இடுக்கில் இருந்தன.

தொல்காப்பிய மரபியலில் 'குட்டி' என்னும் இளமைப்பெயர் யாவற்றுக்கு உரியது என்று சொல்லும் நூற்பா ஒன்று உண்டு. மூங்கா, வெருகு, எலி, அணில் என நான்கைச் சொல்லும். மூங்கா என்பது கீரி வகை என்பர். பல்லாண்டுகள் பாடம் நடத்தியும், இந்த நான்கையும் ஏன் ஒரே நூற்பாவில் வைத்தார் என்று நான் எண்ணியதில்லை. அந்த இரவில் நான்கும் என் கூரையின்கீழும் மதில்மேலும் இருந்தன. இலக்கணக் காரணம் வேறாக இருக்கலாம். என் கண்ணுக்கு அது ஒரு வீட்டுத் தோட்டத்தின் பட்டியலாகவே பட்டது. அணிலுக்கு மூன்று வரி என்றும் அந்நூற்பா குறிக்கிறது. வடநாட்டில் ஐந்து வரி அணில் உண்டு. நம் பக்கத்து அணிலுக்கு முதுகில் மூன்றே. எண்ணிப் பார்த்தவர் எழுதியது.

அன்று நள்ளிரவில் ஏளா வந்தது. விறகுக் கொட்டிலில் கார்த்திகை நடுவில் மூன்று குட்டி போட்டிருந்தது. அவை கண் திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வி, நீரில் தாண்டித் தாண்டி, சன்னல் வழியே கொண்டுவந்து சேர்த்தது. மூன்றாவது குட்டியோடு வரும்போது நீர் அதன் மார்பளவு இருந்தது. எங்கே வைத்தது தெரியுமா? என் ஆய்வேட்டுப் பிரதிகள் இருந்த மரப்பெட்டியில். கருப்பொருள் அட்டைகள்மேல். தேர்வாளர் எவரும் அந்த ஆய்வேட்டை அவ்வளவு நேரம் பிரியாமல் இருந்ததில்லை.

நான்கைந்து நாளில் நீர் வடிந்தது. ஒரு மாலை, ஆறு மணி இருக்கும், குருவியின் குரல் கேட்டது. வெள்ளத்தில் அது போயிருக்கும் என்றே நினைத்திருந்தேன். ஓடிப்போய் விளக்கேற்றினேன். அம்மா மறைந்தபின் நான் வேளையறிந்து விளக்கேற்றியது அன்றுதான். ஈர நிலத்தில் புழு மிகுதி போலும். மறுநாள் முதல் கிணற்றடியில் அதைக் கண்ணாலும் கண்டேன். தத்தித் தத்தி வரும், நிற்கும், சருகைத் திருப்பும். விடுமுறையில் செய்வதற்கென்று ஒதுக்கிய விடைத்தாள் கட்டு அப்படியே கிடந்தது.

ஒரு வாரம் அவ்வாறு சென்றது. டிசம்பர் கடைசியில் ஒரு விடியற்காலை, பின்வாசலைத் திறந்தேன். அம்மா வழக்கமாக உட்காரும் படியில், ஏளா அந்தக் குருவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நின்றது.

உயிர் இல்லை. கையில் எடுத்தேன். முதுகு பச்சை, சிறகில் நீலம், கண்ணையொட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குருதிச் சிவப்பு. குருதி என்றே முதலில் நினைத்தேன், அது இறகின் நிறம். வடநாட்டில் இதற்கு ஒன்பது நிறத்தான் என்னும் பொருளில் பெயருண்டு. நான் எண்ணவில்லை. வாரியலை எடுத்து ஏளாவை அடித்தேன். ஒருமுறையன்று. அது வேலியைத் தாண்டி ஓடிப்போயிற்று.

குருவியை மாதுளை அடியில் புதைத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி மதிலோரம் வந்து, 'சாக்குல கட்டி மார்க்கெட்டுல விட்டுட்டு வந்துரச் சொல்லுதேன் டீச்சர். வளத்தவளே போயாச்சு, இனி இது எதுக்கு?' என்றார். அவர் கொடியவரல்லர், என் கண்ணீரைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அம்மா காத்திருந்த குருவியை அம்மாவின் பூனை கொன்றுவிட்டது. இரண்டில் ஒன்றின் பக்கம்தானே நான் நிற்க முடியும்?

பகல் முழுதும் ஏளா வரவில்லை. பெட்டியில் குட்டிகள் கத்தத் தொடங்கின. பஞ்சை நனைத்துப் பாலூட்டிப் பார்த்தேன். பசும்பால் அவற்றுக்கு ஒவ்வாது என்று பிற்பாடு கால்நடை மருத்துவர் சொன்னார், அன்று தெரியாது. ஒரு குட்டி குடித்ததைக் கக்கியது. பிற்பகலில் அவற்றின் குரல் மெலிந்தது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் வரும் கீரிப்பிள்ளையின் கதை நினைவுக்கு வந்தது. ஆராயாமல் கீரியைக் கொன்ற பார்ப்பனியின் நிலையோ எனதும் என்று எண்ணினேன். ஆனால் அந்தக் கீரி குற்றமற்றது. என் பூனை குற்றமற்றதன்று. தன் இயல்பை மட்டும் செய்தது. அதனால் அந்தக் கதை எனக்கு உதவவில்லை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அதுவும் என் குட்டிகளுக்குத் தெரியாது.

மாலையில் வேலியோரம் போய் நின்றேன். பூனையை நான் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அது அம்மாவின் வழக்கம். 'ஏளா' என்றேன். குரல் எழவில்லை. மறுபடியும், அம்மாவைப் போலவே இழுத்து, 'ஏளா, எங்க போயிட்டே?' என்றேன். தெருவில் சென்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தார்.

அப்படி நிற்கும்போதுதான் ஒக்கூர் மாசாத்தியார் என் நினைவில் எழுந்தார். குறுந்தொகை 139-ஆம் பாட்டில், மாலைப்பொழுதில் வேலியில் வெருகு வருகிறது; வீட்டுக் கோழி, புகுமிடம் தெரியாமல் குவிந்து நிற்கும் தன் குஞ்சுகளை அழைக்கிறது. ஊரார் அலர் தூற்றும் ஒலிக்கு அந்த அழைப்பொலி உவமை. 220-ஆம் பாட்டும் அவருடையதே. முல்லையரும்பு வெருகு சிரித்தாற்போல் இருக்கிறது என்கிறார். அங்கும் பொழுது மாலை. மதுரைக் கண்ணனாரின் 107-ஆம் பாட்டில், தன் துயிலைக் கெடுத்த சேவல் வெருகின் குட்டிக்கு இரையாகட்டும் என்று தலைவி சபிக்கிறாள்; அந்தக் குட்டி எலி பார்த்திருப்பது நள்ளிரவில். மூன்று பாட்டையும் அட்டையில் எழுதியிருக்கிறேன்: 'வெருகு: காட்டுப்பூனை' என்று. பொழுதை எழுதவில்லை. வெருகு எந்நேரத்தில் வரும், கோழி எந்நேரத்தில் அஞ்சும் என்பதை அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். மாசாத்தியார் அதைக் காட்டுக்குப் போய்க் கண்டிருக்க வேண்டியதில்லை; தம் வீட்டு வேலியில் கண்டிருக்கலாம். என் குருவிக்கும் அந்திதான் பொழுது, விடியல்தான் பொழுது. என் பூனைக்கும் அவையே. நான் அந்த இரண்டு பொழுதிலும் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

ஏழு மணிக்குமேல் மருதாணிச் செடி அசைந்தது. ஏளா வந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு தொலைவாகவே போய்ப் பெட்டியில் ஏறியது. மூன்று குட்டிகளும் பற்றிக்கொண்ட சத்தம் முன்னறை வரை கேட்டது. அன்றிரவு அதன் பக்கத்தில் போக நான் துணியவில்லை. பின்னும் ஒரு மாதம், வாரியலை நான் எடுத்தால் அது கட்டிலடியில் புகுந்துகொள்ளும்.

பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டிகள் பால்குடி மறந்ததும் இரண்டை மாணவியர் எடுத்துச் சென்றனர். ஏளாவுக்குக் கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்தேன். கிணற்றடிச் சருகைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி இலந்தை முள் வைத்தேன். மாலை ஐந்தரை முதல் காலை எட்டு வரை பூனைக்கு வெளிவாசல் இல்லை. முதல் சில வாரம் கதவைப் பிறாண்டிற்று. திரைச்சீலை ஒன்று போயிற்று. வீட்டிலிருந்த நான்கு மாதங்களில் பல்லிகளை மட்டும் தின்றது. பல்லிகளின் சார்பில் எனக்கு விடை கிடையாது.

2024-ஆம் ஆண்டு புரட்டாசி முதலே செவியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் மழை. தீபாவளிக்குப் பின் ஒரு மாலை, அடுப்படியில் இருந்தபோது இரட்டைச் சீழ்க்கை கேட்டது. எங்கள் தோட்டத்திலா, ஆச்சி வீட்டுத் தென்னையடியிலா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சன்னல் திண்டில் இருந்த ஏளாவின் காதுகள் மட்டும் திரும்பின. நான் எழுந்து முதலில் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன்; பின்பு விளக்கேற்றினேன்.

நம் கூட்டங்கள் ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. பத்தாண்டுகளாக ஒரு நாளும் பிந்தி வராத நான், பனிக்காலக் கூட்டங்களுக்கு மட்டும் அண்மையில் கால்மணி நேரம் பிந்தி வருவதாகச் செயலாளர் குறைப்பட்டுக்கொண்டார். ஐப்பசி முதல் பங்குனி வரை இனியும் அவ்வாறே வருவேன்; பொறுத்தருள வேண்டுகிறேன்.