டாஃபடில் மலரும் எதுகையும்



காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் இருந்துகொண்டு, வொர்ட்ஸ்வொர்த் பாடிய டாஃபடில் மலர்ப் பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். பிழையாகவே கற்பித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அம்மலரை நானும் கண்டதில்லை, பிள்ளைகளும் கண்டதில்லை. ஆகவே, ஆவாரம்பூவை உவமை காட்டி வருணிப்பதிலேயே பாடவேளை முழுவதும் கழிந்துவிடும்.

ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, இப்பாட்டில் எதுகை எங்கே இருக்கிறது?” என்று வினவினான். “ஆங்கிலத்தில் எதுகை கிடையாது, உட்கார்” என்றேன்.

அவன் கேட்டது நியாயமே. மோகனூர், நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊர். 1930-இல் வேதாரணிய உப்பு யாத்திரைக்கென அவர் இயற்றிய நடைப்பாட்டின் முதலிரண்டு அடிகளும் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தால் ஒன்றி நிற்பவை. அதைக் கேட்டு வளர்ந்த செவி, அடியின் தலையில்தானே ஒலியைத் தேடும்?

ஆங்கிலப் பாட்டோ அவ்வொலியை அடியின் கடையில் வைக்கிறது. நம் யாப்பில் இதனை இயைபுத் தொடை என்பர். இப்பாட்டில் ஆறடி கொண்ட பத்திகள் நான்கு. ஒவ்வொன்றிலும் முதலடியோடு மூன்றாமடியும், இரண்டாமடியோடு நான்காமடியும் இயையும். இறுதி ஈரடிகள் தம்முள் இயைந்து பத்தியை முடிக்கும்.

நாம் குறில், நெடில், ஒற்று நோக்கி நேர், நிரை என அசை பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் நீளமன்று, அழுத்தமே கணக்கு. மெலிந்த ஓரசையும் அழுத்தமுள்ள ஓரசையும் கூடி ஒரு சீர். அடிக்கு நான்கு சீர். நம் அளவடிக்கும் நான்கு சீர்தான்! எல்லா அடிகளும் பிசகாது அவ்வாறே நடந்தால் செக்குமாட்டு நடையாகிவிடும் அல்லவா? முதற்பத்தியின் ஆறாம் அடி அழுத்தத்தோடே தொடங்குகிறது. மலர்கள் காற்றில் படபடக்கும் இடம் அது. ஓசையும் உடன் அசைகிறது.

கவிஞர் தம் தங்கை டாரதியோடு அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அம்மலர்களைக் கண்டது 1802 ஏப்ரலில். பாட்டு அச்சேறியது 1807-இல், மூன்றே பத்திகளுடன். விண்மீன்களை உவமை கூறும் பத்தி 1815-இல் சேர்ந்தது. முதல் மூன்று பத்திகளும் இறந்தகாலத்தில் நடக்க, கடைசிப் பத்தி நிகழ்காலத்திற்கு மாறுகிறது. அங்கே ஏரியில்லை, மலரில்லை. கவிஞர் வீட்டில் சாய்ந்து கிடக்கிறார். மலர்க் கூத்து அவர் நெஞ்சுக்குள் நிகழ்கிறது. கண்ணெதிரே மலரின்றித்தான் அவரும் பாட்டை முடிக்கிறார். இதை உணர்ந்தபின் ஆவாரம்பூவை விட்டுவிட்டு, மேசைமேல் விரலால் நான்கு தட்டுத் தட்டிப் பாட்டைப் படித்துக் காட்டலானேன்.

எதுகை எங்கே என்று கேட்டவன், அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தான்.