மேற்படிப்பு விண்ணப்பம்: ஒரு குடும்பம் மட்டும் சுமக்கும் சுமையன்று

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கல்விக் குழுவினராகிய நாங்கள் ஒரு பட்டியலை வாசிப்பது வழக்கம். பத்தாம் வகுப்பில் இத்தனை பேர், பன்னிரண்டாம் வகுப்பில் இத்தனை பேர், முதல் மூன்று இடங்களுக்குக் கேடயம் என்று அது முடியும். இவ்வாண்டு அப்பட்டியலை இம்மலரின் இறுதியில் அச்சிட்டுள்ளோம். எங்களுக்கு அளிக்கப்பட்ட நேரத்தை ஒரு பிழையைச் சொல்வதற்கும், அதிலிருந்து கற்ற பாடத்தைப் பகிர்வதற்கும் பயன்படுத்த விரும்புகிறோம். அப்பிழை பிறருடையதன்று, எங்களுடையது.

நம் மஹல்லாவைச் சேர்ந்த மாணவி ஒருவர், இளங்கலையில் நல்ல மதிப்பெண் பெற்று, வெளிமாநிலத்தில் உள்ள மத்திய பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்க நுழைவுத் தேர்வு எழுதினார். தேர்விலும் தேறினார். விண்ணப்பத்தில் இதர பிற்படுத்தப்பட்டோர் என்னும் கட்டத்தைக் குறித்திருந்தார். அதற்கு என்ன சான்று வேண்டும் என்று முன்னதாகவே எங்களிடம் வந்து கேட்டார். "உன் சாதிச் சான்றிதழே போதும் அம்மா" என்று சொல்லி அனுப்பினோம். சேர்க்கை நாளில் அவர்கள் கேட்டது மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டில் பெறப்பட்ட, வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்னும் சான்று. நம் வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைப் பெறுவதற்குள் கெடு முடிந்தது. இடம் அடுத்தவருக்குப் போயிற்று.

அவருடைய தகப்பனார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "மதிப்பெண் குறைந்து போயிருந்தால் மனம் ஆறியிருக்கும்; ஒரு காகிதத்தால் போனதுதான் ஆறவில்லை" என்று மட்டும் சொன்னார். ஒரு பெண் பிள்ளைக்கு ஓராண்டு வீணாவது எத்தகையது என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். அவ்வாண்டு முழுவதும் அவ்வீட்டுக்கு வரன்கள் வந்த வண்ணம் இருந்தன. "இனியும் படிப்பா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அவர் பொறுமையுடன் இருந்து, மீண்டும் தேர்வெழுதி, இவ்வாண்டு இடம் பெற்றுவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் எங்கள் அறியாமைக்கு அவர் தம் வாழ்வில் ஓராண்டை விலையாகக் கொடுத்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

காலம் முந்தியது

மேற்படிப்புக்கான விண்ணப்பம் என்றால், தேர்வு முடிவு வந்தபின் கல்லூரி வாசலில் படிவம் வாங்கி நிரப்புவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் தலைமுறையில் அவ்வாறுதான் இருந்தது. இன்று பட்டப்படிப்பின் இறுதியாண்டு தொடங்கும்போதே விண்ணப்பக் காலமும் தொடங்கிவிடுகிறது.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் எம்.எஸ்ஸி. போன்ற படிப்புகளில் சேர 'ஜாம்' என்னும் தேர்வு உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், பொருளியல், புவியியல் ஆய்வாகிய ஜியாலஜி, உயிரித் தொழில்நுட்பம் ஆகிய ஏழு பாடங்களில் பிப்ரவரியில் அது நடைபெறுகிறது. அதற்கான விண்ணப்பமோ செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே முடிந்துவிடும். பொறியியல் மாணவர் எழுதும் 'கேட்' தேர்வும் அவ்வாறே. அதன் மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும்.

மத்திய பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முதுகலைச் சேர்க்கைக்கு 2022 முதல் சி.யு.இ.டி.-பி.ஜி. என்னும் பொது நுழைவுத் தேர்வு நடத்தப்படுகிறது. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவை இதில் அடங்கும். 2024, 2025 ஆண்டுகளில் இத்தேர்வு மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. அலிகரும் ஜாமிஆ மில்லியாவும் பெரும்பாலான பாடங்களுக்குத் தம் சொந்த நுழைவுத் தேர்வையே நடத்தி வந்துள்ளன. தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 'டான்செட்' தேர்வும், எம்.இ., எம்.டெக். படிப்புகளுக்கு 2023 முதல் 'சீட்டா' தேர்வும் உள்ளன. மாநில அரசின் கலைக் கல்லூரிகள் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே முதுகலையில் சேர்க்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை. பொது நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் இடம் தானே தேடி வரும் என்று சிலர் வாளாவிருந்துவிடுகின்றனர். அவ்வாறு வராது. தேர்வு முடிந்தபின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு உண்டு. அந்த வாரங்களில் கைப்பேசியையும் மின்னஞ்சலையும் நாள்தோறும் பார்ப்பதும் விண்ணப்பத்தின் ஒரு பகுதியே.

சான்றிதழ்களில் உள்ள கண்ணிகள்

நாங்கள் தவறிய இடத்தைச் சற்று விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு உள்ளது. அது மாநில அரசின் ஒதுக்கீடு. அதற்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதும். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் அத்தகைய தனி ஒதுக்கீடு இல்லை; இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டில்தான் நம் பிள்ளைகள் வருகின்றனர். அதற்கு மத்திய அரசின் பட்டியலில் நம் பிரிவின் பெயர் இருக்க வேண்டும். வருமான வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். அவ்வரம்பு 2017இல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றெனக் கருதலாகாது. நம் பிரிவின் பெயர் மத்தியப் பட்டியலில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளதோ, அவ்வாறே சான்றிலும் இருத்தல் வேண்டும். இச்சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் தரப்பட்ட சான்றையே பல பல்கலைக்கழகங்கள் கேட்பதால், ஏப்ரல் பிறந்தவுடன் விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

மற்றொரு கண்ணி, நம் பெயர்கள். 'முஹம்மது' என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம். தகப்பனாரின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும், மற்றோரிடத்தில் முழுமையாகவும் நிற்கிறது. ஊரில் இது எவருக்கும் இடைஞ்சலாகத் தோன்றுவதில்லை. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலருக்கோ இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள எழுத்துகளையே அடிப்படையாகக் கொண்டு, ஏனையவற்றைப் பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே திருத்திவிடுதல் நலம்.

கடிதமும் நோக்க அறிக்கையும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், இந்தியாவில் சில நிறுவனங்களும் இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்களைக் கேட்கின்றன. அதற்காக ஜமாஅத் தலைவரின் கடிதத்தாளையும், சட்டமன்ற உறுப்பினரின் கையொப்பத்தையும் நாடி வருவோர் உண்டு. அவர்கள் கேட்பது நற்சான்று அன்று. இம்மாணவர் எவ்வாறு கற்கிறார், எத்தகைய கேள்வி கேட்கிறார், எந்தச் செயல்முறையைத் தாமே செய்தார் என்பதையே கேட்கின்றனர். வகுப்பில் அவரைக் கண்ட ஆசிரியர் ஒருவரே அதைச் சொல்ல முடியும். ஆதலால் மாணவர்கள் தம் ஆசிரியருடன் பழகுதல் வேண்டும். கெடுவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பணிவுடன் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

நோக்க அறிக்கை என்பது மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் ஓரிரு பக்கக் கட்டுரை. சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம் என்று தொடங்கும் அறிக்கைகளைப் படிப்போர் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பர். வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் பிறந்த வேதியியல் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தோல் பதனிடுதலில் குரோமியம் எதற்குப் பயன்படுகிறது, அக்கழிவு பாலாற்று நிலத்தடி நீரை எவ்வாறு கெடுத்தது, அந்நீரைத் தூய்மையாக்குவதில் தமக்கு விளங்காத கேள்வி எது, அக்கேள்விக்கு இந்தத் துறையின் எந்த ஆய்வுக்கூடம் உதவும் என்று அவர் எழுதுவாரானால் அது அவருடைய அறிக்கை. வேறு எவராலும் அதை எழுத முடியாது. முகவர்கள் பணம் பெற்றுக்கொண்டு எழுதித் தரும் அறிக்கையில் இந்த உயிர் இராது. அன்றியும், பிறர் எழுதியதைத் தம்முடையது என்று கையொப்பமிடுவது பொய்ச் சான்று ஆகும். கண்டுபிடிக்கப்பட்டால் சேர்ந்தபின்னும் இடம் பறிபோகலாம்.

முகவர்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். அவர்களிற் பலருக்கு வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களே தரகு வழங்குகின்றன. ஆகவே அவர்கள் காட்டும் பட்டியலில் பிள்ளைக்கு ஏற்ற இடம் முதலில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

பணம் தடையாகுமா?

வட்டிக் கடனுக்கு அஞ்சி மேற்படிப்பையே கைவிடும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. கடனின்றிப் படிக்கும் வழிகளை முதலில் அறிய வேண்டும். 'கேட்' மதிப்பெண்ணுடன் எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆய்வுப் படிப்புக்கான ஜே.ஆர்.எஃப். தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இதற்குரிய 'நெட்' தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு, 2024 முதல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கலாம். நம் சமுதாய ஆய்வு மாணவர் பலர் நம்பியிருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை எதிர்பார்த்து எவரும் திட்டமிட வேண்டா.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம் வேண்டும். ஆனால் அறிவியல் துறைகளில் முனைவர் பட்டத்திற்குச் சேர்வோருக்குப் பெரும்பாலும் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் வழங்கப்படுகின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. எனினும் ஓராண்டுச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

நம் முன்னோர் வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும், சென்னையில் புதுக்கல்லூரியையும் எழுப்பினர். அவர்கள் கட்டிய வாசல்கள் வழியே நம் பிள்ளைகள் பட்டம் வரை வந்துவிட்டனர். அடுத்த வாசலுக்குச் செல்லும் வழியில் அவர்களைத் தடுப்பவை பெரும்பாலும் சிறு காகிதங்களே. சிறு காகிதங்களைச் சரிசெய்ய ஒரு ஜமாஅத்தால் முடியும்.

எனவே மூன்று செயல்களை உங்கள் முன் வைக்கிறோம். ஒன்று, ஜூலை முதல் மாதத்தின் முதல் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா மாடியில் விண்ணப்ப உதவி மேசை நடைபெறும். இறுதியாண்டு மாணவர்கள் தம் சான்றிதழ்களுடன் வரலாம். பெண் பிள்ளைகள் தாயாருடன் வர இட வசதி செய்துள்ளோம். இரண்டு, விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதோருக்குக் கல்வி நிதியிலிருந்து வழங்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது. மூன்று, மேற்படிப்பு முடித்து வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் நம் மஹல்லாவாசிகள், தாம் படித்த துறையையும் நிறுவனத்தையும் எங்களிடம் பதிவு செய்ய வேண்டுகிறோம். ஒரு மாணவரின் ஐயத்திற்குத் தொலைபேசியில் அரை மணி நேரம் ஒதுக்குவது போதும்.

இனி எங்களிடம் எந்த மாணவர் எதைக் கேட்டாலும், தெரியாததைத் தெரிந்தது போல் சொல்ல மாட்டோம். விசாரித்து மறுநாள் சொல்வோம். உதவி மேசைக்கான சான்றிதழ்ப் பட்டியலை எங்களுக்கு எழுதிக் கொடுத்தவர், ஓராண்டை இழந்த அதே மாணவிதான். விடுதிக்குப் புறப்படும் முன்னாள் இரவு அதை எழுதி, தம் தகப்பனாரிடம் கொடுத்துச் சென்றார். மத்திய அரசின் படிவம், ஏப்ரலுக்குப் பின் தேதி என்பது அதில் முதல் வரியாக உள்ளது. அப்பட்டியல் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியே செல்லும்போது ஒருமுறை நின்று படித்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அது தேவைப்படும் பிள்ளை ஒருவர் இருப்பார்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.