வரி யார் மீது? அதிகாரம் யார் கையில்?
லாஸ் ஏஞ்சல்ஸ் வாக்கெடுப்பு தரும் பாடம்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பின் முடிவில் தோழர் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். "நகராட்சி சொத்து வரியை உயர்த்தினால் எதிர்த்துப் போராடுகிறோம். ஆம்புலன்ஸ் இல்லை, தீயணைப்பு வண்டி இல்லை, அரசு மருத்துவமனையில் படுக்கை இல்லை என்றும் போராடுகிறோம். பணம் எங்கிருந்து வரும் என்று மக்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது?" இது நேர்மையான கேள்வி. இதே கேள்வி அமெரிக்காவில் வாக்குச்சீட்டிலேயே அச்சிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட்டது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

மக்கள் தம்மீதே விதித்துக்கொண்ட வரி

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வாழும் மாவட்டம். விபத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் படுகாயமுற்றோரைக் காப்பாற்றும் சிறப்பு மையங்கள் 1980களில் அங்கு இருபதுக்கும் மேல் இருந்தன. 2002இல் அவை 13 ஆகக் குறைந்துவிட்டன. காரணம் எளிமையானது. உயிருக்குப் போராடும் நோயாளியைப் பணமில்லை என்று திருப்பியனுப்பக் கூடாது என 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கூறியது. ஆனால் அதற்கான செலவுக்கு நிதி ஒதுக்கவில்லை. காப்பீடு இல்லாத உழைக்கும் மக்கள் இருபது லட்சத்துக்கும் மேல் வாழும் பகுதியில் தனியார் மருத்துவமனைகள் இழப்பைக் காட்டி ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. சுமை முழுவதும் கவுண்டியின் பொது மருத்துவமனைகள் மீது விழுந்தது. அவற்றையும் மூட நேரிடும் என்று நிர்வாகம் அறிவித்தது.

இந்நிலையில் 2002 நவம்பர் 5 அன்று 'மெஷர் பி' என்னும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 3 சென்ட், அதாவது ஒரு டாலரின் நூறில் மூன்று பங்கு, ஆண்டுதோறும் வரி. 1500 சதுர அடி வீட்டுக்கு 45 டாலர். தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. கிடைத்ததோ 73 சதவீதம்!

'மக்கள் வரியை வெறுக்கிறார்கள்' என்பது முதலாளித்துவ ஏடுகள் ஓயாமல் ஓதும் மந்திரம். உயிர்காக்கும் சேவைக்கு என்று தெளிவாகக் கூறப்பட்டபோது, மக்கள் தம்மீதே வரி விதித்துக்கொள்ளத் தயங்கவில்லை என்பதே உண்மை.

வாக்குச்சீட்டில் இடம்பெறாத கேள்வி

ஆனால் தோழர்களே, கஜானா ஏன் காலியாயிற்று என்ற கேள்வி அந்த வாக்குச்சீட்டில் இல்லை. அதற்கு விடை தேட 1978க்குச் செல்ல வேண்டும்.

அன்று கலிபோர்னியாவில் வீட்டு விலைகள் தாறுமாறாக ஏறின. விலையோடு வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர், வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீட்டை வரி கட்ட முடியாமல் இழந்துவிடுவோமோ என்று அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதைக் கையிலெடுத்தவர் யார்? லாஸ் ஏஞ்சல்ஸ் அடுக்குமாடி வீட்டு உரிமையாளர் சங்கத்துக்காகப் பணியாற்றிய ஹோவர்டு ஜார்விஸ். அவர் முன்னின்று கொண்டுவந்த 'முன்மொழிவு 13' 1978 ஜூன் 6 அன்று ஏறத்தாழ 65 சதவீத வாக்குகளுடன் வென்றது.

அதன்படி சொத்து வரி, மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சொத்து கைமாறும்வரை மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இந்தப் பாதுகாப்பு மூதாட்டியின் வீட்டுக்கு மட்டுமல்ல, பெருநிறுவனங்களின் அலுவலகக் கோபுரங்களுக்கும் அதே அளவில் வழங்கப்பட்டது. முதியோர் இறப்பர், வீடு கைமாறும், வரி உயரும். பெருநிறுவனமோ இறப்பதில்லை; அதன் நிலம் எளிதில் கைமாறுவதும் இல்லை. முதியோரின் கண்ணீரைக் காட்டிப் பெருமூலதனம் பெற்ற சலுகை இது. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் கீழே சரிந்தது.

ஆக, 2002இல் மக்கள் கட்ட ஒப்புக்கொண்டது பெருமூலதனம் கட்டாமல் விட்ட வரியின் ஒரு பகுதியையே. அதுவும் எப்படி? சதுர அடிக்கு இவ்வளவு என்றால், பெவர்லி ஹில்ஸ் மாளிகையின் ஒரு சதுர அடியும் வாட்ஸ் பகுதித் தொழிலாளி வீட்டின் ஒரு சதுர அடியும் ஒன்றே.

பணம் வந்தது, கதவு மூடப்பட்டது

வாட்ஸ் பகுதியில் 1965 ஆகஸ்டில் நடந்த கறுப்பின மக்களின் எழுச்சியில் 34 பேர் உயிரிழந்தனர். அருகில் மருத்துவமனை இல்லாமை அம்மக்களின் முக்கியக் குறைகளுள் ஒன்று. அதன் விளைவாகவே 1972இல் கிங்-ட்ரூ மருத்துவமனை திறக்கப்பட்டது. போராடிப் பெற்ற மருத்துவமனை அது.

படுகாய மையங்களைக் காப்பதற்கென்றே 'மெஷர் பி' நிறைவேறி இரண்டே ஆண்டுகளில், 2004 நவம்பரில், ஐவர் கொண்ட கவுண்டி ஆட்சிக் குழு அந்த மருத்துவமனையின் படுகாய மையத்தை மூட முடிவு செய்தது. அங்கு சிகிச்சையில் கடும் குறைபாடுகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2007 மே மாதம் அவசரப் பிரிவின் காத்திருப்புக் கூடத் தரையில் ஒரு பெண் வலியில் துடித்து, கவனிப்பாரின்றி உயிருக்குப் போராடினார், அன்றே இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் உள்நோயாளிப் பிரிவும் மூடப்பட்டது. பழுதைச் சீர்செய்வதற்குப் பதில் கதவை மூடினார்கள். அப்பகுதி மக்களுக்கு மீண்டும் ஒரு மருத்துவமனை கிடைக்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் அவர்களிடமிருந்து வரி மட்டும் தவறாமல் வசூலிக்கப்பட்டது.

மிக அவசரமான படுகாயச் சிகிச்சைத் தேவைகளுக்கே இந்நிதி செலவிடப்பட்டது என்று கவுண்டியால் நிரூபிக்க இயலவில்லை என 2014இல் மாநிலத் தணிக்கையாளரே அறிக்கை அளித்தார். வரி கொடுக்கும் உரிமை மக்களுக்கு இருந்தது. அதை எங்கே, எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை.

2020 நவம்பரில் மூல அநீதியைத் திருத்த ஒரு வாய்ப்பு வந்தது. 'முன்மொழிவு 15' வீடுகளைத் தொடாமல், பெரிய வணிகச் சொத்துகளுக்குச் சந்தை மதிப்பில் வரி விதிக்கக் கோரியது. ஏறத்தாழ 48 சதவீதம் பெற்றுத் தோற்றது. சிறுகடைக்காரர்களின் வாடகை உயரும், அடுத்து உங்கள் வீட்டுக்கும் வரும் என்ற அச்சுறுத்தலைப் பெருநிறுவனங்கள் பரப்பின. 1978இல் முதியோரின் குறையை எதிரியிடம் விட்டுக்கொடுத்ததன் விலையை 42 ஆண்டுகள் கழித்தும் உழைக்கும் மக்களே கட்டினர்.

நமது நிலைபாடு

இனி தோழரின் கேள்விக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் தொழிலாளி 2002இல் என்ன செய்திருக்க வேண்டும்? அநீதியான வரி என்று எதிர்த்து வாக்களித்து, மருத்துவமனையைப் பலிகொடுத்திருக்கலாமா? கூடாது. அவர் ஆதரித்து வாக்களித்தது சரி. மறுநாளே போராட்டத்தைத் தொடங்கச் செய்யும் அமைப்பு அவர் பக்கத்தில் இல்லாததே குறை.

நம் நாட்டில் வாக்கெடுப்பு என்ற சடங்குகூட இல்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைப் பெற, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும் என 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்தது. மாநிலங்கள் அச்சுமையை நகரவாசிகள் மீது இறக்கின. மறுபுறம் 108 ஆம்புலன்ஸ் சேவை பல மாநிலங்களில் தனியார் இயக்குநர்களிடம் ஒப்பந்தத்தில் விடப்பட்டுள்ளது. அதன் ஊழியர்கள் ஊதியத்துக்கும் வேலை நேரத்துக்கும் வீதியில் நிற்கின்றனர்.

எனவே 'வரியே வேண்டாம்' என்பது நமது முழக்கமல்ல. அது ஜார்விஸின் முழக்கம். யாரிடமிருந்து, எதற்காக, யாருடைய கட்டுப்பாட்டில் என்ற மூன்று கேள்விகளே நம்முடையவை. சிறு வீடுகளுக்கு விலக்கு, பெரும் வணிகச் சொத்துகளுக்கு உயர் விகிதம் எனக் கோருவோம். பெரும் சொத்துடைமையாளர்களின் நிலுவைப் பட்டியலை வெளியிடச் சொல்வோம். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் கூறுகிறது. அவற்றைக் காகிதத்திலிருந்து வீதிக்குக் கொண்டுவந்து, வரவு செலவுக் கணக்கை மக்கள் முன் வைக்கச் செய்வோம்.

அனைத்துக்கும் முன்பாக, வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் முதியவரின் வீட்டுக்கு முதலில் செல்பவர்கள் நாமாக இருக்க வேண்டும். நாம் செல்லாவிட்டால் வேறொருவர் செல்வார்.