கூடைக்கு ஒரு வார்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் காப்பியங்களையும் கவிஞர்களையும் பற்றிப் பேசினார்கள். நான் ஒரு வாரைப் பற்றிப் பேசப்போகிறேன். செருப்பு வார், பை வார், கூடை வார் என்று சொல்கிறோமே, அந்த வார். அறுந்துபோனால் மட்டும் நம் கண்ணில் படுகிற பொருள் அது. இலக்கியம் பேச வந்த இடத்தில் இவன் கயிறு திரிக்கிறானே என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு திரிப்பது உண்மையிலேயே எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்று.

நான் பிறந்தது பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையோரத்துத் தோட்டமொன்றில். அம்மா கொழுந்து பறிப்பவர். அவருடைய தாயாரும் கொழுந்து பறித்தவர்தான். எங்கள் லயத்துக் காம்பராவில் கதவுக்குப் பின்னால் இரண்டு மூங்கில் கூடைகள் எப்போதும் தொங்கும். கூடையின் வாய் விளிம்பில் இரண்டு இடங்களில் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் விட்டுக்கொண்டு பெண்கள் மலைக்குப் போவார்கள். இரண்டு கைகளும் கொழுந்துக்கு வேண்டும் என்பதால் தோளுக்கும் கைக்கும் வேலை கொடுக்காமல் பாரம் முழுவதையும் தலை தாங்க வேண்டும். காலையில் வெறுங்கூடை, நிறுவைக்குப் போகும்போது நிறைகூடை. மழை பெய்தால் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து கனக்கும். அந்தத் தண்ணீருக்கென்று நிறுவையில் கழித்துவிடுவார்கள். ஆனால் கழுத்து சுமந்த தண்ணீரை யாரும் கழிக்க முடியாது.

1973, 74ஆம் ஆண்டுகளை மலையகத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினியில் கிடந்த காலம் அது. 1974ஆம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. ஓகஸ்ட் மாதம். ஊவாப் பக்கத்தில் அப்போது கச்சான் காற்று வீசும். உலர்ந்த காற்று அது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுக்கும் வாசம் ஜூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள அந்த நாட்களில்தான் இலையில் இறங்குகிறது. காற்று இலைக்கு வாசத்தைக் கொடுக்கும். கயிற்றை முறுக வைக்கும்.

அப்படி முறுகியிருந்த கயிறு ஒருநாள் பகல் நிறுவைக்கு இறங்கும் வழியில் அறுந்தது. கூடை உருண்டு கானுக்குள் விழுந்தது. கொழுந்தில் பாதி மண்ணோடு சேர்ந்தது. அம்மாவுக்கு அன்று பேர் முழுதாக விழவில்லை, அரைப்பேர்தான். அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. அந்த ஆண்டில் அரை நாள் கூலி என்பது ஒரு வேளைச் சாப்பாடு. அன்றிரவு அம்மா தனக்குப் பசியில்லை என்றார். பசியில்லை என்று சொல்லும் அம்மாக்களைப் பற்றி நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த கயிற்றை நான் செய்கிறேன் என்று முன்வந்தேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டயருக்கு ஒட்டுப் போடுகிறவர் வீசியெறிந்திருந்த லொறி டியூப் துண்டொன்று எனக்குக் கிடைத்தது. கயிறு அறும், றப்பர் அறாது என்பது என் கணக்கு. மூன்று விரல் அகலத்துக்கு வார் வெட்டி, இரண்டு முனையையும் மடித்துக் கம்பியால் கட்டினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அடுத்த வீட்டுப் பெண்களெல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். அம்மா மறுநாள் அதை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.

மாலையில் திரும்பி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நான் கூப்பிட்டபோது தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. றப்பர் வார் இழுபடும் என்பதை நான் யோசிக்கவேயில்லை. ஒவ்வோர் அடிக்கும் கூடை கீழே இறங்கி மேலே எழும்பியிருக்கிறது. ஏறும்போது பின்னால் இழுத்திருக்கிறது. இறங்கும்போது முதுகில் அடித்திருக்கிறது. போதாததற்கு, வியர்வை பட்ட றப்பர் முடியைப் பிடித்துப் பிடுங்கியிருக்கிறது. மகன் செய்து கொடுத்தது என்பதற்காக ஒரு முழுநாள் அதைத் தலையில் வைத்திருந்தார் என்பதை நான் அம்மாயி சொல்லித்தான் அறிந்தேன்.

அன்றிரவு அம்மாயி குப்பி விளக்கடியில் உட்கார்ந்து புதிய வார் செய்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய பருத்திச் சேலையை எடுத்தார். கத்தியை வைக்கவில்லை, கையால் கிழித்தார். கிழித்தால் துணி நூல் ஓட்டத்திலேயே நேராகப் பிரியும், கத்தியால் வெட்டினால் நூல் குறுக்கே அறும் என்றார். மூன்று பட்டைகளை நனைத்துப் பிழிந்து, இறுக்கிப் பின்னினார். தலையில் படுகிற நடுப்பகுதியை மட்டும் பின்னாமல் நாலாக மடித்துத் தட்டையாக விட்டு, சாக்கு ஊசியால் தைத்தார். அகலமான இடத்தில் பாரம் பரவும். ஒடுங்கின இடத்தில் பாரம் வெட்டும். தும்புக் கயிறு தோலைத் தின்னும், நைலோன் கயிறு தோலைக் கடிக்கும், சேலைதான் தோலோடு தோலாக இருக்கும் என்பது அவருடைய பாடம்.

பிறகு என் றப்பர் வாரைக் கேட்டார். நான் வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்து உள்ளங்கை அளவில் இரண்டு துண்டுகள் வெட்டி, கயிறு மூங்கில் விளிம்பில் உரசுகிற இரண்டு இடங்களிலும் சுற்றிக் கட்டினார். "கயிறு தலையில அறுகிறதில்லடா சாமி, விளிம்புலதான் அறுகும். ஒன் றப்பர் அங்க இருக்கட்டும்" என்றார். அந்த வார் இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்தது. பொருள் தவறானது அல்ல, அதை வைத்த இடந்தான் தவறு என்பதை நான் அன்றைக்கு அரைகுறையாக விளங்கிக்கொண்டேன்.

முழுமையாக விளங்கியது பல ஆண்டுகள் கழித்து, கடற்கரையில். ஆசிரியனாகி, 2011ஆம் ஆண்டு திருகோணமலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மாலையில் கரைக்கு நடந்துபோவேன். ஒரு நாள் ஓர் இளைஞர் படகு நிழலில் உட்கார்ந்து லொறி டியூப் வெட்டிக்கொண்டிருந்தார். சங்கு குளிப்பவர். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்குகிறவர். பக்கத்தில் காலில் மாட்டும் துடுப்புகள் இரண்டு கிடந்தன. ஒன்றில் குதிக்காலைப் பிடிக்கும் வார் அறுந்திருந்தது. நான் நின்றுவிட்டேன்.

"என்ன சேர் பாக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இதே வேலையை நானும் ஒரு தடவை செய்தேன் தம்பி, பிழையாக" என்றேன்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வெட்டினார். ஈரக்கத்தி றப்பரில் வழுக்கிக்கொண்டு போகும், உலர்ந்த கத்தி சிக்கிச் சிக்கி விளிம்பைப் பிசிறாக்கும். பிசிறு விழுந்த இடத்தில்தான் கிழிசல் தொடங்கும் என்பதால் ஒரே இழுப்பில் வெட்டினார். வெட்டும்போது நடுவில் அகலம் வைத்தார். குதிக்கால் உட்காருகிற இடம் அது. எனக்கு அம்மாயியின் சேலை மடிப்பு ஞாபகம் வந்தது. துடுப்பின் இரு பக்கத்து முளைகளிலும் மாட்டுவதற்குத் துளை வேண்டும். அதைக் கீறலாகப் போடவில்லை. பழைய குடையின் குழாய்த் தண்டில் ஒரு துண்டு வெட்டி, விளிம்பை அரத்தால் தீட்டி, பலகையில் வைத்துச் சுத்தியலால் அடித்து வட்டமாகத் துளை எடுத்தார். கீறலுக்கு இரண்டு மூலை உண்டு, இழுவை அங்கே போய்க் குவிந்து கிழிக்கும், வட்டத்துக்கு மூலையில்லை. பட்டறிவில் படித்த பொறியியல் அது.

கடைசியில் துடுப்பை மாட்டிக் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இது இழுபட வேணும் சேர். கயிறு எண்டால் இறுக்கிக் கட்டினால் கால் விறைக்கும், தளர்த்திக் கட்டினால் துடுப்புக் கழண்டு போயிடும். கீழ ஒரு துடுப்புப் போனால் ஒத்தைக் கால் ஆள்தான். நீரோட்டம் இழுத்தால் கதை முடிஞ்சுது" என்றார். மாற்று வார் ஒன்றையும் செய்து இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார். உப்பு நீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் போட வேண்டும், வெயிலில் இழுபட்டபடி கிடந்தால் றப்பர் வெடிக்கும் என்றும் சொல்லித் தந்தார்.

நேயர்களே, காலில் மாட்டும் நீச்சல் துடுப்புக்கு 1933ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் லூயி த கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர். றப்பர் நம் நாட்டுக்கு வந்த கதை அதற்கும் முந்தியது. பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876ஆம் ஆண்டு கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. எங்கள் ஊவாவிலேயே மொனராகலைப் பக்கம் றப்பர் வளர்கிறது. இன்று வசதியுள்ளவர்கள் துருப்பிடிக்காத சுருள்கம்பி வார்களை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அந்த இளைஞருக்கு ஒரு டியூப் துண்டும் குடைத்தண்டும் போதுமாயிருந்தன. நான் பன்னிரண்டு வயதில் செய்த வார் தண்ணீருக்குள் போயிருந்தால் சரியாக இருந்திருக்கும். அது மலைக்குப் போனதுதான் பிழை.

தலையால் சுமப்பவர்கள் எங்கள் பெண்கள் மட்டுமல்லர். நேபாளத்துச் சுமைகாரர்கள் 'நாம்லோ' என்ற பட்டையை நெற்றிக்கு மேலே மாட்டி முதுகுக் கூடையைத் தூக்குகிறார்கள். அவர்களை அளந்து பார்த்த ஆய்வொன்று 2005ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆண்கள் தங்கள் உடல் எடையில் சராசரியாக 93 வீதமும், பெண்கள் 66 வீதமும் சுமந்ததாக அது சொல்கிறது. விஞ்ஞானிகள் அந்தத் திறமையை வியந்தார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் சுமையை யார் இறக்குவது?

நம் இலக்கியத்துக்குத் தலைச்சுமை புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகும் ஆய்மகள், பானையைத் தலையில் சுமடு வைத்து அதன்மேல் ஏற்றுகிறாள். நாம் இன்று சும்மாடு என்று சொல்வது அந்தச் சுமட்டைத்தான். பானையைப் பாடிய புலவர், பானைக்கும் தலைக்கும் நடுவே இருந்த அந்தச் சிறிய மெத்தையையும் கண்டார். அது பெரிய பார்வை. எங்கள் மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை 1954ஆம் ஆண்டு 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கில நெடுங்கவிதையில் இந்த மக்களின் வாழ்வை உலகத்துக்குச் சொன்னார். சக்தி பாலையா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அவர்கள் காட்டிய வழியில் வருகிறவர்கள் இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. தேயிலை மலையைத் தூரத்தில் நின்று பார்த்தால் பச்சை தெரியும். கொஞ்சம் கிட்டப் போனால் கூடை தெரியும். இன்னும் கிட்டப் போனால்தான் கயிறு தெரியும். தாய் தன் பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய கயிறு அது என்பது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது பல தோட்டங்களில் மூங்கில் கூடை குறைந்துவிட்டது. உரச்சாக்கும் நைலோன் பையும் வந்துவிட்டன. பாரம் ஏறும் இடம் மாறவில்லை. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர் என்கிறார்கள். சாக்குக்கு வார் தைத்துக் கொடுப்பவர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். அநேகமாக அவளே இரவில் தைத்துக்கொள்வாள். கூலிக் கணக்கில் அந்த இரவு வேலைக்குப் பேர் கிடையாது.

அம்மா இறந்தபோது குளிப்பாட்டித் தலைவாரிய அத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உச்சிக்கு முன்னால், இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரு காதுப் பக்கமிருந்து மறு காதுப் பக்கம் வரை முடி இல்லை. தோல் மழமழவென்று இருந்தது. அம்மா வேலையை விட்டுப் பதினைந்து வருடங்களாகியும் அங்கே முடி முளைக்கவில்லை. உயிரோடிருந்தவரை அந்த இடத்தை முந்தானையால் மூடியே வைத்திருந்தார். நான் ஒரே ஒருநாள் வைத்த றப்பர் வாரும் அந்த இடத்தில்தான் இருந்தது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ கொழுந்து பறிக்கும் ஒரு தாய் இருந்தால், இன்று மாலை அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் கூடைக்கு வார் எதனால் செய்தது, யார் செய்து கொடுத்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வையுங்கள். முடிந்தால் அடுத்த வாரை நீங்கள் தைத்துக் கொடுங்கள். தலையில் படும் இடத்தை அகலமாக வையுங்கள்.