இசக்கியின் கை



இன்று யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர்தான் எங்களுக்கு டெக் எடுத்துப் படம் காட்டியவர். வீட்டுக்கு வீடு காசு பிரித்து, டிவியும் டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பார். கோயில் திடலில் விடிய விடியப் படம் ஓடும். 1992 தீபாவளிக்கு வெளியான 'தேவர் மகன்' படத்தை நாங்கள் முதலில் பார்த்தது அங்கேதான். பத்துப் பன்னிரண்டு வயது. சிவாஜி செத்தபோது அழுதோம். இசக்கி வந்தபோதெல்லாம் சிரித்தோம்.

இசக்கி, வடிவேலு நடித்த பாத்திரம். பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னார் என்பதற்காகப் பூட்டிக் கிடந்த கோயிலைத் திறந்துவிடுகிறான். அதற்குத் தண்டனையாக அவன் கை வெட்டப்படுகிறது. திறக்கச் சொன்னவரின் கை அப்படியே இருக்கிறது. பிறகு, போன கையைப் பற்றி இசக்கியே வேடிக்கையாகப் பேசுகிறான். எங்கள் தெரு அதற்கும் சிரித்தது. இசக்கி என்ன சாதி என்று படம் சொல்வதில்லை. நமக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. தெரிந்தேதான் சிரித்தோம்.

அரிவாளைக் கீழே போடச் சொல்லும் படம்தானே என்பார்கள். உண்மைதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. ஆனால் அதன் பாட்டு ஒன்று, தென்மாவட்டங்களில் நம் தெருக்களைப் பார்த்து ஒலிபெருக்கியில் போடும் சாதிப் பாட்டாகிப்போனது. 1995இல் கொடியங்குளம், 1997இல் மேலவளவு என்று செய்திகள் வந்தபோதும், அது ஏதோ தெற்கத்திச் சண்டை, காரைக்காலுக்கு என்ன என்று இருந்தோம். பின்னர் சமூகவியல் முதுகலையில் எம்.என்.சீனிவாஸ் சொன்ன 'ஆதிக்கச் சாதி' பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதினோம். அதை இசக்கியின் கையோடு சேர்த்துப் பார்க்க அப்போதும் தோன்றவில்லை. படிப்பு அவ்வளவுதான் செய்தது.

சேர்த்துப் பார்க்க வைத்தவர் மாரி செல்வராஜ். 2023 ஜூனில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, 'தேவர் மகன்' தன்னை எப்படி அலைக்கழித்தது என்றும், அந்த இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றும் பேசினார். அதே வடிவேலு தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாக வந்தார். பதவி இருக்கிறது, ஆதிக்கச் சாதி வீட்டில் உட்கார நாற்காலி இல்லை. காரைக்காலின் 5 தொகுதிகளில் நெடுங்காடு தனித்தொகுதி. அந்த நாற்காலிக் காட்சி நமக்குச் சினிமா மட்டுமல்ல.

மறுபடி பார்த்தால் எல்லோருக்கும் கண் திறந்துவிடும் என்று நம்பிவிடவும் முடியாது. அதே படத்தின் வில்லன் ரத்தினவேலின் காட்சிகளை வெட்டி, சாதிப் பாட்டைச் சேர்த்து, அவனைக் கதாநாயகனாக்கிச் சமூக ஊடகங்களில் பரப்பினார்கள். இயக்குநர் யாரைக் குற்றவாளியாக நிறுத்தினாரோ, அவனையே தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான்.

நம் மாணவர்கள் 'மாமன்னன்' பார்த்துவிட்டுப் பிறகுதான் 'தேவர் மகன்' பார்க்கிறார்கள். போன மாதம் ஒரு தங்கச்சி கேட்டாள்: "நீங்கல்லாம் எப்படிண்ணே சிரிச்சீங்க?" சின்னப் பிள்ளைகள், தெரியாது என்று சமாளித்தோம். அந்த இரவு திடலில் இருந்த பெரியவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்த்தோம். சிலருக்குப் படமே நினைவில்லை. எங்கள் பெரியம்மா ஒருவர் வெண்மணிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 பேர் எரிக்கப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. அவர் சொன்னார்:

"கைய வெட்டுனப்பவே நான் எந்திரிச்சு வூட்டுக்குப் போயிட்டேன். நீங்க எங்க பாத்தீங்க, சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க."

ஆக, நாங்கள் முப்பது வருடம் கழித்து வந்து சேர்ந்த இடத்தில் அவர் அன்றைக்கே இருந்திருக்கிறார். 'எங்கள் தெரு சிரித்தது' என்று சற்றுமுன் சொன்னோமே, அதைத் திருத்திக்கொள்கிறோம். அடுத்த மாதம் அதே திடலில் இரண்டு படங்களையும் போடுகிறோம். பெரியம்மாவைப் பேசக் கூப்பிட்டிருக்கிறோம். படம் பார்க்க மாட்டாராம், பேச மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார்.